அவருக்கு 204 நார்மல், எனக்கு 198 அதிகமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 52, கணவருக்கு 55. முழு உடல் பரிசோதனையில் இருவருக்கும் ஒரே நாளில் ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்தார்கள். அவர் 11 நிமிடம் தாக்குப்பிடித்தார், பி.பி. 128/80லிருந்து 204/82 வரை போனது. 'இயல்பான ஏற்றம்' என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. நான் 6 நிமிடத்திலேயே மூச்சு வாங்கி நிறுத்திவிட்டேன். 126/80 இருந்தது 198/92 ஆனது. எனக்கு 'அளவுக்கு மீறிய ரத்த அழுத்த ஏற்றம்' என்று எழுதிவிட்டார்கள். இதய அடைப்புக்கான அறிகுறி இருவருக்கும் இல்லையாம். அவரைவிடக் குறைவாக ஏறிய எனக்கு எப்படி அதிகம்? ரிப்போர்ட் மாறிவிட்டதா? வீட்டில் 'பயத்தில் ஏறியிருக்கும், விடு' என்கிறார்கள். ஜிம் பயிற்சியாளரோ நான் வெயிட் தூக்கவே கூடாது என்கிறார். பயிற்சி முடித்ததும் சில நாள் தலை கிறுகிறுக்கிறது. அப்போது பார்த்தால் பி.பி. 100தான் காட்டுகிறது. நான் உடற்பயிற்சி செய்யலாமா, கூடாதா? மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. வேறு நோய் எதுவும் இல்லை. முதல் பிரசவத்தில் மட்டும் கடைசி மாதம் பி.பி. ஏறி, சிறுநீரில் புரதம் போகிறது என்று முன்கூட்டியே குழந்தையை எடுத்தார்கள். அப்புறம் சரியாகிவிட்டது.

பதில்: ரிப்போர்ட் மாறவில்லை. வழக்கத்தில் இருக்கும் அளவுகோலின்படி இரண்டுமே சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. உடற்பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம். உங்களை அதிகம் உறுத்தும் இரண்டுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் 'பயத்தில் ஏறியிருக்கும், விடு' என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள்தான் அதற்குக் காரணம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 198ஐவிட அந்த வரிகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அதற்கு வருகிறேன்.

உடற்பயிற்சியின்போது ரத்த அழுத்தம் ஏறத்தான் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நன்றாக ஓடும்போது அது நான்கு மடங்காகக்கூட ஆகும். தொடை, கெண்டைக்கால் தசைகளுக்குப் போகும் குழாய்கள் அகலமாக விரிந்து கொடுக்கும். குடல், சிறுநீரகம் போன்ற இடங்களுக்குப் போகும் குழாய்கள் சுருங்கி, ரத்தத்தைத் தசைப் பக்கம் திருப்பிவிடும். இதனால் மேல் அளவு படிப்படியாக ஏறும். கீழ் அளவு இருந்த இடத்திலேயே நிற்கும், அல்லது கொஞ்சம் இறங்கும். உங்கள் கணவருக்கு 80 என்பது 82 ஆனது இந்த வகைதான். உங்களுக்கு 80 என்பது 92 ஆகியிருக்கிறது. 198ஐப் பார்த்த பதற்றத்தில் இந்த 92 உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

இப்போது அளவுகோல். ட்ரெட்மில்லில் மேல் அளவு ஆண்களுக்கு 210ஐத் தொட்டாலோ, பெண்களுக்கு 190ஐத் தொட்டாலோ 'அதிக ஏற்றம்' என்று எழுதுவது வழக்கம். இருவருக்கும் ஒரே கோடு போடாததற்குக் காரணம் இருக்கிறது. ஆரோக்கியமான ஆண்களையும் பெண்களையும் உச்சம் வரை ஓடவைத்துப் பார்த்தால், பொதுவாக ஆண்களின் அளவு கூடுதலாகவே இருக்கும். பெண்ணின் இதயம் சராசரியாகச் சிறியது. ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தமும் குறைவு. எனவே ஒரு பெண்ணுக்கு 198 என்பது பெரும்பாலான பெண்கள் எட்டாத இடம். ஓர் ஆணுக்கு 204 என்பது பல ஆண்கள் எட்டும் இடம். உங்கள் ரிப்போர்ட்டில் நடந்தது இவ்வளவுதான்.

சரி, அதோடு விட்டுவிடலாமா என்றால், கூடாது. உச்சத்தில் எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு ஏறியது என்பதைப் பார்ப்பதுதான் சரி என்பது என் கருத்து. வழக்கமான ட்ரெட்மில் டெஸ்டில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை 1 மெட் என்று வைத்துக்கொண்டால், முதல் நிலை ஏறக்குறைய 5 மெட், இரண்டாவது 7, மூன்றாவது 10. நீங்கள் 6 நிமிடத்தில், அதாவது 7 மெட்டில் நிறுத்தினீர்கள். அவர் 11 நிமிடம் போனதால் 12 மெட் வரை எட்டியிருப்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு 76 புள்ளி ஏறியது, 11 மெட் கூடுதல் வேலைக்கு. ஒரு மெட்டுக்கு ஏறக்குறைய 7. உங்களுக்கு 72 புள்ளி ஏறியது, 6 மெட் வேலைக்கு. ஒரு மெட்டுக்கு 12. ஒரு மெட்டுக்குச் சுமார் 10 என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அவர் நிறைய வேலை செய்து, போகப் போக அந்த அளவுக்குப் போனார். நீங்கள் பாதி வேலையிலேயே அங்கே போய்விட்டீர்கள். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. நடுத்தர வேகத்திலேயே ரத்த அழுத்தம் எகிறுவதுதான் உச்சத்தில் எகிறுவதைவிடக் கவனிக்க வேண்டியது. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 46,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. நடுத்தர உழைப்பில் அதிகம் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் இதயப் பாதிப்புகளும் இறப்பும் சேர்ந்து 36 சதவீதம் கூடுதலாக இருந்தன. உச்ச அளவை வைத்து மட்டும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இங்கே உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதே வேகம், அதே சாய்வு என்றாலும் அது இருவருக்கும் ஒரே சிரமம் கிடையாது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் சராசரியாகக் குறைவு, தசையும் குறைவு. அவர் தன் சக்தியில் பாதியைக் கொண்டு ஏறிய சாய்வில், நீங்கள் முழுச் சக்தியையும் போட்டிருப்பீர்கள். இன்னொன்று: டெஸ்டின்போது முன்னால் இருந்த கம்பியை எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? ட்ரெட்மில்லில் முதல்முறை ஏறுகிற பலர் விழுந்துவிடுவோமோ என்று விரல் வெளுக்கும் அளவுக்குக் கம்பியை இறுக்கிப் பிடிப்பார்கள். தசையை அசைக்காமல் இறுக்கியே வைத்திருப்பது மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் ஏற்றும். உங்கள் கீழ் அளவு 80லிருந்து 92க்கு ஏறியதில் அதற்கும் பங்கு இருக்கலாம். அடுத்த முறை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு நடங்கள்.

ஆனாலும் அந்த 92ஐ நான் ஒதுக்கிவிட மாட்டேன். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகர மக்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வில், 1999இல் ஒரு முடிவு வெளியானது. ஓய்வில் இயல்பான ரத்த அழுத்தம் உள்ளவர்களை எடுத்துக்கொண்டு, ட்ரெட்மில்லின் இரண்டாவது நிலையில் கீழ் அளவு எப்படிப் போனது என்று பார்த்தார்கள். அங்கே கீழ் அளவு மிகவும் ஏறியவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் உயர் ரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது, ஆண்களுக்கும் பெண்களுக்கும். நீங்கள் நிறுத்தியதும் அதே இரண்டாவது நிலையில்தான்.

மாதவிடாய் நின்று இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தக் கதையின் நடுவில் இருக்கிற விஷயம்.

இளவயதில் பெண்களின் ரத்தக் குழாய்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. உழைக்கும்போது நரம்பு மண்டலம் ஒரு வேதிப்பொருள் வழியாக 'சுருங்கு' என்று குழாய்களுக்குக் கட்டளை அனுப்புகிறது. இளம்பெண்களின் உடலில் அதே வேதிப்பொருள், குழாய்ச் சுவரில் அதை வாங்கிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகளையும் தூண்டி 'விரி' என்றும் சொல்கிறது. ஒன்று மற்றொன்றை ஈடுகட்டிவிடுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே சோதித்தார்கள். பீட்டா ஏற்பிகளை மருந்தால் தடுத்ததும், இளம்பெண்களின் குழாய்கள் முன்பைவிட அதிகமாகச் சுருங்கின. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அந்த ஈடுகட்டும் வேலையே நடக்கவில்லை. ஈஸ்ட்ரோஜனும் தன் பங்குக்கு நைட்ரிக் ஆக்ஸைடு சுரப்பைக் கூட்டிக் குழாய்களை விரியவைக்கிறது. அது குறைந்ததும் அந்த உதவியும் போகிறது. இதோடு வயதாக ஆக இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி விறைப்பாகிறது. பெண்களுக்குப் பெருந்தமனி சிறியது என்பதால், விறைத்துப்போன குழாய்க்குள் இதயம் வேகமாகத் தள்ளும்போது மேல் அளவு இன்னும் எகிறும்.

இளவயதில் ஆண்களைவிடக் குறைவாக ஏறுகிற பெண்களின் அளவு, ஐம்பதைத் தாண்டியதும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருவது இதனால்தான். ஓய்வில் எடுக்கும் அளவிலும் இதைப் பார்க்கலாம். 30,000க்கும் மேற்பட்டவர்களின் 43 ஆண்டு அளவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வில், இருபதுகளின் வயதிலிருந்தே பெண்களின் ரத்த அழுத்தம் ஆண்களைவிட வேகமாக ஏறியது தெரிந்தது. பெண்களுக்கு வயதான பிறகுதான் பி.பி. என்று நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். ஏறத் தொடங்குவது அதற்கு வெகு முன்னால்.

இப்போது அந்தக் கடைசி இரண்டு வரிகளுக்கு வருகிறேன். கடைசி மாதத்தில் பி.பி. ஏறி, சிறுநீரில் புரதம் போய், முன்கூட்டியே குழந்தையை எடுத்தார்கள் என்றால் உங்களுக்கு வந்தது பிரீ-எக்லாம்ப்சியா. பிரசவத்தோடு அது சரியாகிவிட்டதாகத்தான் எல்லோரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அன்றைய ஆபத்து நீங்கியது உண்மை. ஆனால் அதை அனுபவித்த பெண்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று, நான்கு மடங்கு. இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பத்தின்போது அவர்களின் ரத்தக் குழாய்கள் காட்டிய பலவீனம் முழுவதுமாக மறைந்துவிடுவதில்லை. உழைக்கும்போதும் வயதாகும்போதும் தலைகாட்டுகிறது. 'வேறு நோய் எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் இதைச் சேர்த்திருக்கிறீர்கள். முழு உடல் பரிசோதனைப் படிவத்தில் சர்க்கரை, புகை, அப்பாவின் மாரடைப்பு எல்லாம் கேட்டிருப்பார்கள். பிரசவத்தைப் பற்றி யாராவது கேட்டார்களா? கேட்க வேண்டிய கேள்வி அது. யாரும் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள், இனிமேல் பார்க்கிற ஒவ்வொரு டாக்டரிடமும்.

அப்படியானால் உங்களுக்கு பி.பி. நோய் இருக்கிறதா? ட்ரெட்மில் ரிப்போர்ட்டை வைத்து யாரும் அதைச் சொல்லக் கூடாது, அதை மட்டும் பார்த்து மாத்திரை எழுதவும் கூடாது. ஆனால் டாக்டர் அறையில் 126/80 காட்டி, வீட்டிலும் வேலையிலும் ஏறியே இருக்கும் 'மறைந்த உயர் ரத்த அழுத்தம்' என்று ஒன்று உண்டு. உழைப்பில் அதிகம் ஏறுகிறவர்களில் கணிசமானவர்களுக்கு அது இருக்கிறது. கண்டுபிடிக்க வழி எளிது. மேற்கையில் கட்டும், உங்கள் கை சுற்றளவுக்குப் பொருந்தும் பட்டை கொண்ட ஒரு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை சிறியதாக இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும். 7 நாள், காலையும் மாலையும், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியைப் போடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம்தான். அதற்குக் கீழே, ஆனால் மிக அருகில் நின்றால் 24 மணி நேர பி.பி. கருவி பொருத்திப் பார்க்கச் சொல்வேன். தூக்கத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதும் அதில் தெரியும். எக்கோ எனும் இதய ஸ்கேனில் இதயச் சுவர் தடித்திருக்கிறதா, சிறுநீரில் இப்போதும் புரதம் போகிறதா என்பதையும் இந்த முறை பார்த்துவிடுவது நல்லது. மூட்டு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பல வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

பயிற்சி முடிந்ததும் வரும் கிறுகிறுப்புக்கு வேறு காரணம். ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை இதயத்துக்கு மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றால் தள்ளுவது நின்றுவிடும். விரிந்த குழாய்கள் மட்டும் விரிந்தபடியே இருக்கும். ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது குறையும். இப்படித் தலைசுற்றி மயங்குவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நிற்கும்போது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் திறன் பெண்களுக்குச் சற்றுக் குறைவு என்பதே அடிப்படை. நிறுத்துவதற்கு முன் 5 முதல் 10 நிமிடம் வேகத்தைக் குறைத்து நடங்கள். உடனே சுடுநீரில் குளிக்காதீர்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் தரையிலேயே படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள். அந்த நேரத்து 100ஐப் பார்த்து 'எனக்கு லோ பி.பி.' என்று முடிவு கட்டவும் வேண்டாம். பயிற்சிக்குப் பிறகு பல மணி நேரம் அளவு இறங்கியே இருப்பது இயல்பு, நல்லதும்கூட. ஆனால் பயிற்சியின் நடுவிலேயே கிறுகிறுத்தாலோ, நெஞ்சு, தாடை, மேல்முதுகு எங்காவது அழுத்தினாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். பெண்களுக்கு இதய வலி நெஞ்சின் நடுவில்தான் வரும் என்று காத்திருக்கக் கூடாது.

வெயிட் தூக்கவே கூடாது என்ற பயிற்சியாளரின் அறிவுரை உங்களுக்கு நன்மை செய்யாது. அவர் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. 1985இல் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே அளவுக் கருவியைச் செருகி, மிகக் கனமான எடையை இரண்டு காலாலும் தள்ளவைத்துப் பார்த்தார்கள். சராசரியாக 320/250 வரை போனது. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. ஆனால் அது மூச்சை அடக்கிக்கொண்டு, இனி ஒருமுறைகூட முடியாது என்னும் அளவுக்குத் தள்ளும்போது நடப்பது. நீங்கள் 12, 15 முறை சிரமமில்லாமல் தூக்கக்கூடிய எடையில் ஆரம்பித்து, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுத்தால் அந்த இடத்துக்கே போக மாட்டீர்கள். கையை இறுக்கிப் பிடிக்கும் சோதனைகளில் இளம்பெண்களுக்கு ரத்த அழுத்தம் ஆண்களைவிடக் குறைவாகத்தான் ஏறுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தச் சலுகையும் குறைவதால் மூச்சு விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான். இந்த வயதில் எலும்புக்கும் தசைக்கும் வெயிட் பயிற்சி தேவை. வாரத்தில் இரண்டு நாள் செய்யுங்கள். ஓய்வில் 180/110 காட்டுகிற அன்று மட்டும் எந்தப் பயிற்சியும் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான பகுப்பாய்வில், ஓய்வு நேர ரத்த அழுத்தத்தை அதிகம் குறைத்தது அசையாமல் தாங்கி நிற்கும் பயிற்சிகள்தான். மேல் அளவில் சராசரியாக 8 புள்ளி. நடை, ஓட்டம் போன்றவற்றுக்கு 4 முதல் 5 புள்ளி. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் முழங்காலை மடக்கி 2 நிமிடம் நிற்பது, இடையில் ஓய்வு, இப்படி நான்கு முறை, வாரத்தில் மூன்று நாள். செய்துகொண்டிருக்கும்போது அளவு ஏறும், வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஓய்வு அளவு இறங்கும். ஆனால் உங்களுக்கு இதை இன்றே தொடங்கச் சொல்ல மாட்டேன். ஒரு வார வீட்டு அளவுகள் கையில் வந்து, டாக்டர் பார்த்த பிறகு, முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி, அரை நிமிடத்தில் ஆரம்பியுங்கள். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நில்லுங்கள். அப்போது மூச்சை அடக்க முடியாது.

நடையை மட்டும் எதற்காகவும் விட வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகம். ட்ரெட்மில் மெஷின் காட்டும் இதயத் துடிப்பு இலக்கைத் துரத்தாதீர்கள். 220இலிருந்து வயதைக் கழிக்கும் அந்தப் பழைய கணக்கு பெண்களுக்குக் கூட்டிக் காட்டுகிறது. சிகாகோவில் 5,437 பெண்களை ஓடவைத்துப் பார்த்து 2010இல் பெண்களுக்கென ஒரு கணக்கு தந்தார்கள்: வயதை 0.88ஆல் பெருக்கி 206இலிருந்து கழிப்பது. உங்கள் வயதுக்கு உச்சம் 168 வராது, 160தான். எட்டாத இலக்கை எட்டவில்லை என்று நீங்கள் சோர்ந்துபோகத் தேவையில்லை.

தொடர்ந்து நடக்க ஆரம்பித்தால், மூன்று நான்கு மாதத்தில் அதே வேகத்துக்கும் சாய்வுக்கும் உங்கள் அளவு முன்பைவிடக் குறைவாக ஏறுவதைப் பார்க்கலாம். இந்த 6 நிமிடம் 8 ஆவதுதான் எனக்கு 198 குறைவதைவிடப் பெரிய செய்தியாக இருக்கும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. ட்ரெட்மில்லில் நார்மல் என்பது ஓய்விலும் நார்மல் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. 128 எல்லைக்கோட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. மெஷின் எப்படியும் வீட்டில் இருக்கப் போகிறது, அதே ஏழு நாள் அவரும் எடுக்கட்டும். இரண்டு பேரின் அளவுகளையும் தனித்தனித் தாளில் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். ட்ரெட்மில் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு நிலையிலும் எடுத்த பி.பி. பட்டியல் இருக்கும், அந்தப் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதை மேலே வைத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.